ஒன்றரைச் சுற்று இறுக்கம்

சீறுகிற எதையும் வாயடைப்பதுதான் அன்று என் தொழில். திருப்பூரின் சாயப்பட்டறைகளில், சலவைப் பட்டறைகளில் எங்கே நீராவி கசிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாய்லரின் சேஃப்டி வால்வு சீறினால் விறகு வீணாகிறதென்று அதன் கம்பியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுப் போவது இங்கே வழக்கம். நானும் தொங்கவிட்டிருக்கிறேன். எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்காத ஒவ்வொரு நாளும் எங்களை இன்னும் கொஞ்சம் மடையர்களாக்கிக்கொண்டிருந்தது.

கிணற்றில் விழுந்த மோட்டார்களை முங்கி எடுக்கிற ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். சிறுவயதிலிருந்தே மூச்சடக்கி முங்கிப் பழகியவர். ஊரின் கிணறுகள் ஆழம் போகப்போக அந்த மூச்சு போதவில்லை. கொச்சித் துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் ஒரு முங்கு சாதனம் வாங்கியிருந்தார். முதுகில் கட்டக் காற்று சிலிண்டர், அதன் கழுத்தில் மாட்டப் பித்தளை ரெகுலேட்டர், அதிலிருந்து ரப்பர் குழாய், குழாயின் முனையில் வாயில் கடிக்கிற சின்ன வால்வு. காற்று தீர்ந்தால் சிலிண்டரை லாரியேற்றிக் கொச்சிக்கே அனுப்ப வேண்டும். ரெகுலேட்டரோ ஒரு பக்கமாகச் சீறிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, நான் குடிக்கறதுல பாதிய இதே குடிச்சுப் போடுதுங்க. இதும்பட வாயக் கொஞ்சம் கட்டிக் குடுங்க."

"கட்டிப் போடலாமுங்க."

"பாய்லருக்குத் தொங்க உடற மாதர எனக்கும் கல்லத் தொங்க உட்டுறாதீங்க. நான் ஏற்கெனவே கனந்தானுங்க." வயிற்றைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிரித்துப் பார்த்தேன். சிலிண்டரின் முரட்டு அழுத்தத்தை அடக்கி, மனிதன் மூச்சுக்கு ஆகும்படி குழாய்க்குள் விடுவதுதான் அந்தப் பித்தளையின் வேலை. உள்ளே வால்வு உட்காரும் சீட்டில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதனால் குழாயில் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறியது. வாயருகே இருந்த வால்வின் அமைப்போ, குழாயில் அழுத்தம் ஏற ஏற இன்னும் இறுக மூடிக்கொள்ளும் அமைப்பு. பல்லைக் கடித்த பிள்ளையின் வாயைப் போல. அதனால்தான் பக்கத்தில் ஒரு ரிலீஃப் வால்வை வைத்து, மிஞ்சியது சீறி வெளியேறட்டும் என்று விட்டிருந்தார்கள். எங்கோ, தண்ணீருக்கு அடியில் இருக்கிறவனை நினைத்துக்கொண்டு ஒருவர் அதை வரைந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

புதிய சீட்டு கோயமுத்தூரில் கிடைக்கவில்லை. சென்னைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கத்துச் சலவைப் பட்டறையில் மோட்டார் கிணற்றுக்குள் போய்விட்டது; எடுக்க இவரைத்தான் பேசியிருந்தார்கள். தண்ணீரில்லாமல் தொட்டியில் கிடந்த துணி பழுப்பேறிக்கொண்டிருந்தது. அதன் முதலாளி தினமும் என் வாசலில் வந்து நின்றார். "அவசரமில்லீங்க. சாயங்காலத்துக்குள்ள ஆயிருமுங்களா?"

எடைபோட்டுப் பார்த்தேன். சீறலை விட்டுவைத்தால் காற்று பாதியில் தீரும். ஆனால் அந்த ஆபத்து சத்தம் போட்டுக்கொண்டு வரும். அடைத்தால் வருவது ஓசையில்லாத ஆபத்து. சீட்டை நைஸ் எமரித் தாளில் தேய்த்தேன்; பள்ளம் முழுதாகப் போகவில்லை. ரிலீஃப் வால்வின் திருகை ஒன்றரைச் சுற்று இறுக்கினேன். கால்மணி நேரம் காதை வைத்துக் கேட்டேன். அமைதி. அந்த அமைதியில் எனக்குப் பெருமைகூட வந்தது. முங்குகிறவரிடம் விஷயத்தைச் சொன்னால் பயந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் என் கைவேலை சிறுத்துப்போகும் என்பதுதான் நிஜம்.

கிணறு முங்குகிறவர்களின் பழக்கம் ஒன்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு கையாலும் கயிற்றை முடிச்சுப் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்கள். வாயில் காற்று இருந்தாலும் பழைய உடம்பு அப்படித்தான் செய்யும். மூச்சிழுக்க இழுக்கத்தான் குழாயின் அழுத்தம் தணியும். அடக்கினால் ஏறிக்கொண்டே போகும்.

மறுநாள் காலை கிணற்று மேட்டில் நின்றேன். குமிழிகள் வந்தன. நின்றன.

"மோட்டாருக்குக் கயிறு கட்டறாப்பலீங்க," என்றார் முதலாளி.

தண்ணீரைப் பிளந்துகொண்டு அவர் மேலே வந்தார், வாயிலிருந்த வால்வைப் பிய்த்தெறிந்துகொண்டு, மூக்கில் ரத்தம் வழிய. படிக்கட்டில் இழுத்துப் போட்டார்கள். "காத்து வல்லீங்க மேஸ்திரி... இழுக்க இழுக்க வல்லீங்க... கதவச் சாத்துன மாதர..."

எல்லாக் கண்களும் பித்தளைமேல் திரும்பின. நான் அதை மடியில் வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு வெளியேறியது. வால்வை வாயில் வைத்து இழுத்தேன். காற்று வந்தது, தாராளமாக.

"நல்லாத்தானுங்க வருது," என்றேன்.

"அவருக்கும் வயசாகுதில்லீங்க. உள்ளார இருட்டுல பயந்திருப்பாப்பல," என்றார் முதலாளி, ஆறுதலாக. கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

படிக்கட்டில் கிடந்தவர் என்னையே பார்த்தார். கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். "அப்ப எம்பட மூச்சுத்தானுங்க பத்தல," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை. ரெகுலேட்டரை நான் கேட்டு வாங்கி உடைத்துப் போட்டேன். அவர் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். நீராவி வேலைக்கு நான் அங்கே போகும்போதெல்லாம், என்னைவிட மூத்தவர், ஸ்டூலிலிருந்து எழுந்துகொள்கிறார். சொல்ல வேண்டியதைத் தொண்டைவரை கொண்டுவருகிறேன்.

"உங்க மேல ஒரு கொறையுமில்லீங்க மேஸ்திரி," என்று அவரே முந்திக்கொண்டு கேட்டைத் திறந்துவிடுகிறார்.

நான் உள்ளே போகிறேன்.