அசென்ஸ் குன்றிலிருந்து ஸ்வென்ட்போர்க் கடல்வரை: பேசாத இருவருடன் ஒரு நாள்

டென்மார்க்கின் ஒடென்சேயில் தங்கி, ஒரே நாளில் எங்கே போய்வரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி எப்போதும் ஒன்றுதான். முதலில் மேற்கே அசென்ஸ், பிறகு தெற்குக் கரையோரமாக ஸ்வென்ட்போர்க். இந்த வழியில் நான் முதன்முதலில் போனது 1986 ஜூனில். ஊர் பார்க்கிற ஆசையில் போகவில்லை. என் கணவர் மகேனும் அவருடைய தம்பி ரவியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாதமாகப் பேசவில்லை. அதற்காகத்தான் போனேன்.

அந்த வசந்தத்தில் யாழ்ப்பாணத்தில் போராளி இயக்கங்கள் ஒன்றையொன்று சுடத் தொடங்கியிருந்தன. இவர் ஆதரித்த இயக்கம் ரவியின் சிநேகிதன் குகனைச் சுட்டுக் கொன்றுவிட்டது. செய்தி வந்த அன்று இவர், "யுத்தம் எண்டா அப்பிடித்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு சரி. ரவிக்குத் தூரத்து ஊரான இக்காஸ்டில் நெசவாலை வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை புறப்பட இருந்தான். முகம் பார்க்காமலே போனான் என்றால் திரும்பி வரமாட்டான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு வேலை செய்த இங்கரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவள் அதிகம் பேசாதவள். "சனிக்கிழமை என் காரில் எல்லாரும் வாருங்கள்" என்றாள். சிறிய கார். வேண்டுமென்றாலும் விலகி உட்கார முடியாது.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். இங்கருக்குப் பக்கத்தில் இவர். பின்னால் நானும் ரவியும். அசென்ஸ் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அதற்குச் சற்று முன்னால்தான் ஓக்ஸ்னபியர்க் குன்று. குன்று என்றதும் மலையைக் கற்பனை செய்யாதீர்கள். டென்மார்க்கில் மாடு ஏறி இளைத்தாலே அதற்கு மலை என்று பெயர் வைத்துவிடுவார்கள். சுற்றிவரப் பச்சைப் பார்லி, தூரத்தில் கடல், சட்டையைக் கழற்றிக்கொண்டு போகிற காற்று.

நானூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கே டென்மார்க்காரரும் டென்மார்க்காரரும் வெட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள். அரசர் இறந்தபின் யார் அடுத்த அரசர் என்ற சண்டை. ஒரு பக்கம் அரசரின் மகன். மறுபக்கம், சிறையில் கிடந்த பழைய அரசருக்காகப் படையோடு வந்த ஒரு கோமகன். விவசாயிகள் பலரும் கோப்பன்ஹேகன் நகரமும் கோமகன் பக்கம். இந்தக் குன்றில் அவர்களின் படை நொறுங்கியது. ஒரு வாரத்துக்குள் ஸ்வென்ட்போர்க் நீரிணையில் கப்பல்களும் பிடிபட்டன.

இங்கர் இதைச் சொல்ல, எனக்குப் புரிந்த பாதியை நான் தமிழில் சொன்னேன். இவருக்குக் கண் விரிந்துவிட்டது. "சாந்தி, அவனிட்டச் சொல்லு, இந்தக் குன்றிலயே சண்டை முடிஞ்சுது. கடலில நடந்தது சும்மா மிச்சம் மீதி."

இரண்டு அடி தள்ளி நின்ற ரவி என்னைப் பார்த்தான். "அண்ணி, கோப்பன்ஹேகனுக்குச் சாப்பாடு கடலாலதான் போகும். கடலை மறிக்காமல் தரையில வெண்டு என்ன? நேவி எங்கட கடலை மறிச்சா ஊர் என்ன பாடுபடும் எண்டு அவருக்குத் தெரியாதோ எண்டு கேளுங்கோ."

ஒரு மாதமாக உப்பும் சீனியும்கூட என் வழியாகத்தான் கைமாறின. இப்போது டென்மார்க்கின் யுத்தமும் என் தலையில். ஸ்வென்ட்போர்க்குக்குக் கரையோரமாக இன்னும் அறுபது கிலோமீட்டர். காருக்குள்ளும் அதே அஞ்சல் சேவை, எல்லாருக்கும் எல்லாம் கேட்கக் கேட்க. ஃபோபோர்க் ஊரைத் தாண்டியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சொன்னதுதான் சரியாம். கடலில நடந்தது ஒண்டுமே இல்லையாம். ரவி ஒத்துக்கொண்டிட்டான்" என்று இவரிடம் ஒரு பொய் சொன்னேன்.

"நான் எப்ப அண்ணை அப்பிடிச் சொன்னனான்?" என்று ரவி முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"நீ சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியுமடா!"

சொன்ன பிறகுதான், நேருக்கு நேர் பேசிவிட்டோம் என்று இருவருக்கும் உறைத்தது. பிறகு ரவி மெதுவாக, "எண்டாலும் நீங்கள் சொன்னது பிழை" என்றான். மிச்ச வழி முழுக்கத் தரையும் கடலும் கத்திக்கொண்டே வந்தன. எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஸ்வென்ட்போர்க் துறைமுகத்தில் படகுகளைப் பார்த்தபடி சாப்பிட்டோம். இங்கர் கொண்டுவந்தது கறுப்புப் பாண், நான் கொண்டுபோனது ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டாச் சம்பலும். சம்பலைத் தின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த இங்கரிடம் இவர் தன் அரைகுறை டேனிஷில் கேட்டார்: "அந்தச் சண்டையில் உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?"

"தெரியாது" என்றாள் இங்கர். "இந்தத் தீவு விவசாயிகள். ஏதோ ஒரு பக்கத்தில் நின்று செத்திருப்பார்கள். வீட்டில் யாரும் சொன்னதில்லை."

இவர் ரொட்டியைக் கீழே வைத்தார். ரவியின் பக்கம் திரும்பினார். பிறகு, "குகன் எங்கட வீட்டில சாப்பிட்ட பிள்ளையடா" என்றார். "அவனைச் சுட்டது பிழை. நான் அண்டைக்குச் சொன்னது அதைவிடப் பிழை."

ரவி வாய்விட்டு அழுதான். இவர் அவன் முதுகில் கை வைத்தார். நான் இருவரையும் விட்டுவிட்டு இங்கரோடு துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான துறைமுகம் அது. வேறு யாராவது இல்லையென்று சொன்னால் நம்பாதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். கார் இருந்தால் சுற்று முழுவதும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் முடியும். சாப்பாட்டு நேரத்தோடு ஒரு பகல் போதும். கார் இல்லாவிட்டால் குன்றை விட்டுவிட்டு ஒடென்சேயிலிருந்து ரயிலில் நேரே ஸ்வென்ட்போர்க் போங்கள், முக்கால் மணி நேரத்துப் பயணம்தான். ஜூன் என்றாலும் காற்றுக்கு ஒரு மேற்சட்டை வேண்டும். பார்லிக்குள் மட்டும் இறங்காதீர்கள், விவசாயி கண்டால் ஏசுவார். கோபித்துக்கொண்ட இருவர் வீட்டில் இருந்தால் அவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், பெரிய காராக எடுக்கவேண்டாம்.

ரவி திங்கட்கிழமை இக்காஸ்டுக்குப் போனான். இவர் ரயில் நிலையம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பின் இரண்டு குடும்பமாகப் பல தடவை அந்தக் குன்றுக்குப் போய்வந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அண்ணனும் தம்பியும் தரையா கடலா என்று தொண்டை கட்டும்வரை கத்துவார்கள்.

போன வருடம் அங்கே ரவியின் மகள் டேனிஷில் கேட்டாள், சண்டையில் பெரியப்பா எந்தப் பக்கம், அப்பா எந்தப் பக்கம் என்று. ஊரில் நடந்ததை யாரோ சொல்லிவிட்டார்களோ என்று எனக்குப் பயம் வந்தது.

"நான் தரை" என்றார் இவர்.

"நான் கடல்" என்றான் ரவி.

அவள் சிரித்துக்கொண்டே தன் பிள்ளைகளைக் கூப்பிடப் போனாள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தவரை இவர்கள் இருவரும் எதிரெதிராக நின்ற யுத்தம் அது ஒன்றுதான். நாங்கள் மூன்று பேரும் அதைத் திருத்தவில்லை.