இடது கால் பிரேக்

1. சேர்ந்த நாள்

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்று, போடியில் கடை வைத்திருந்த முதலாளி ஏலச்செடியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு பழைய பைக்கின் சாவியைக் கொடுத்தார்.

"எங்கப்பா ஓட்டுன வண்டி. மூணு மாசம் பாப்பேன். கீழ போடாம ஓட்டுனா வேலை நிரந்தரம். போட்டன்னா அன்னைக்கே பஸ்சேறிரு."

ஆயுத பூஜைக்கு ஏலக்காய் மாலை போட்டு, குடும்பமே தொட்டுக் கும்பிடும் வண்டி அது. யாரும் ஓட்ட மாட்டார்கள். காரணம் ஏறியதும் தெரிந்தது. அதில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. பத்து வருஷமாக நான் ஓட்டிய வண்டிக்கு நேர் எதிர்.

2. பழகியது

போடி மெக்கானிக் ரஹீம் பாய்தான் ஸ்டார்ட் பண்ணவே சொல்லிக்கொடுத்தார்.

"லீவரப் பிடிச்சு கிக்கர மெதுவா மிதி மாப்ளே. ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுக்கு வரும். அப்ப லீவர விட்டுட்டு முழுசா உதை. வெரசா உதைச்சா அது உன்னைய உதைக்கும்."

முதல் வாரம் அது என்னை உதைத்ததுதான் அதிகம். ஞாயிறுதோறும் பாய் பட்டறையில் பாயிண்ட் துடைத்து, டேப்பெட் பார்த்து, செயின் இறுக்கினேன். வலது செருப்பில் 'கியர்', இடது செருப்பில் 'பிரேக்' என்று வெள்ளை பெயிண்டில் எழுதிக்கொண்டேன். தோட்டத்தில் ஆளாளுக்குக் குனிந்து என் காலைப் படித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூன்றாவது மாதம் கால்கள் கேட்காமலே சரியாக மிதித்தன.

3. முதலாளி ஓட்டியது

அந்த மாதக் கடைசியில் முதலாளி ஒரு வியாபாரியை ஜீப்பில் கூட்டிவந்தார். காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் வண்டியைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இதுல எங்கப்பா பின்னால உக்காந்து வளந்தவன்ல நானு."

பின்னால் உட்கார்ந்துதான் வளர்ந்தார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். "முதலாளி, பிரேக்கு..." என்றேன்.

"எனக்கே சொல்றியா?"

ஸ்டோரைச் சுற்றிவந்து, நிறுத்துவதற்கு வலது காலை அழுத்தினார். அது கியர். வண்டி நேராகச் சாணிக் குவியலில் போய்ப் படுத்தது. காய் பொறுக்கிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"என்னடா வண்டி வச்சிருக்க? பிரேக்கே பிடிக்கல!"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளைகள் ஞாபகமும் வந்தது.

"ஆமா முதலாளி. பிரேக்கு சரியில்ல. தப்பு எம்மேலதான்."

அன்று சாயங்காலமே வேலை நிரந்தரமானது. நேர்மையான ஆள் என்று வியாபாரியிடம் என்னைப் பாராட்டினாராம்.

4. ரிப்பேர்

சரியில்லாத பிரேக்கைச் சரிசெய்ய வேண்டுமே. மறுநாள் வண்டி பட்டறைக்குப் போனது. மற்ற வண்டிகளைப் போலவே பிரேக்கை வலது பக்கமும் கியரை இடது பக்கமும் மாற்றச் சொல்லி முதலாளி உத்தரவு.

"பிரேக்குல ஒரு கொறையும் இல்லையே மாப்ளே, யாரு சொன்னா?" என்றார் பாய்.

"நாந்தான் பாய்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப இனிமே செருப்ப மாத்திப் போட்டுக்க," என்று ஸ்பேனரை எடுத்தார்.

வண்டி வந்த அன்றே குரங்கணி இறக்கத்தில் எதிரே ஒரு ஜீப்பு. மூன்று மாதம் பாடுபட்டுப் பழக்கிய இடது கால் விசுவாசமாக அழுத்தியது. அது இப்போது கியர். முழங்கால் கிழிந்து காப்பிச் செடிகளுக்குள் கிடந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியது முதலாளி.

"இன்னுமா வண்டி பழகல?"

"முதலாளி, பிரேக்கு..."

"அதான் சரி பண்ணியாச்சுல்ல?"

நொண்டிக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். அந்த வண்டியை ஓட்ட வேறு ஆள் கிடைக்காது என்பதால் என்னை பஸ் ஏற்றவில்லை. இன்றும் அதே தோட்டம், அதே வண்டி, முழங்காலில் அதே தழும்பு.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலாளி விழுந்தால் தூக்கிவிடுங்கள், சாணியையும் துடைத்துவிடுங்கள். வண்டியை மட்டும் குறை சொல்லாதீர்கள். மறுநாள் அதை ஓட்டப்போவது நீங்கள்தான்.