கும்மிக்கு வந்த டிஸ்கோ

எழுபத்தொன்பதில் கோகிலாம்பாளுக்குப் பதினேழு வயது. அப்பா தங்கசாமி அருப்புக்கோட்டையில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவர் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்ட, இவள் ரெக்கார்டு போடுவாள். "பொட்டப்புள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வாரீக?" என்று யாராவது கேட்டால், "இவ ஊசி வச்சா ரெக்கார்டு கீறாது" என்பார்.

களையெடுக்கிற பெண்கள் பாடும் தெம்மாங்கு என்றால் அவளுக்கு உயிர். இலங்கை வானொலியில் கேட்டுக் கிறங்கிய எலெக்ட்ரிக் கிடார் பாட்டும் அப்படித்தான். அதற்கு ராக் என்று பெயர் இருப்பதே பின்னால்தான் தெரிந்தது. மதுரையில் பழைய சாமான் கடையில் அப்படி ஒரு ரெக்கார்டு கிடைக்க, காரியாபட்டிக் கல்யாணத்தில் போட்டும் விட்டாள். கிடார் உறுமியதும் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏத்தா, செட்டுல புகை வருதான்னு பாரு!"

அந்த வருஷம்தான் டிஸ்கோ வந்தது. கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு ஆகவில்லை. "மாவு மில்லு மாதிரி ஒரே அடி. மூச்சு விட எடமே இல்ல" என்றாள்.

ஆவணியில் பரளச்சியில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் தோழன் சுப்புராஜ், மதுரைக் கல்லூரி மாணவன், தரையைப் பெருக்கும் பெல்பாட்டத்தோடு வந்து ரெக்கார்டை நீட்டினான்.

"டிஸ்கோ. இதப் போடு."

"ஊசி தேஞ்சு போச்சு."

"இப்பத்தான பாடுச்சு?"

தங்கசாமி மகளை முறைத்தார். "கேக்குறதப் போடுறதுதாம்மா நம்ம தொழிலு."

வேண்டா வெறுப்பாகப் போட்டாள். சுப்புராஜும் கூட்டாளிகளும் இடுப்பை வெட்டி வெட்டி ஆடினார்கள். பந்தலே வாயைப் பிளந்து பார்த்தது. பெண் வீட்டுக் கூட்டத்திலிருந்து சங்கரம்மாள் எழுந்தாள். சுற்று வட்டாரத்தில் அவளைப் போலத் தெம்மாங்கு பாட ஆள் கிடையாது. இப்போது ஏசப் போகிறாள் என்று கோகிலாம்பாள் குஷியாகக் காத்திருந்தாள்.

"தாளம் தப்பாமத்தான் அடிக்கிறான்" என்றாள் சங்கரம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கை தட்டினாள். நாலு பெண்கள் சேர்ந்தார்கள், பிறகு பத்து. டிஸ்கோ அடிக்க, கும்மி சுற்றியது. சங்கரம்மாள் களையெடுப்புப் பாட்டையே எடுத்து விட்டாள்.

கோகிலாம்பாளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தக் குரல் இரைச்சலில் அமுங்குவதைப் பொறுக்க முடியவில்லை. மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி, சங்கரம்மாள் முன்னால் நிறுத்தினாள். திரும்பி வந்து டிஸ்கோவின் சத்தத்தைத் திருகித் திருகிக் குறைத்தாள். அடி மட்டும் லேசாகக் கேட்டது; மேலே தெம்மாங்கு கணீரென்று ஏறியது.

"ஏன் கொறச்ச?" என்று சுப்புராஜ் வந்தான்.

"அவுக பாடுறது கேக்கட்டும்."

அவன் பதில் சொல்வதற்குள் சங்கரம்மாள் அவன் கையைப் பிடித்துக் கும்மிக்குள் இழுத்துவிட்டாள். பெல்பாட்டம் தடுக்க, அவனும் சுற்றினான்.

அதன்பின் போகிற ஊரிலெல்லாம் பெண்கள் "அந்தக் கும்மி ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்டார்கள். கோகிலாம்பாளே மதுரைக்குப் போய் அதை வாங்கி வர வேண்டியதாயிற்று. கடைக்காரர், "டிஸ்கோன்னா ரொம்பப் பிடிக்குமோ?" என்றார்.

"சுத்தமாப் பிடிக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டு, கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.