குத்துக்கல்லடியில் ஒரு பந்தி

பேய், பிசாசு, ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை எனக்கு இப்போதே தெரியும். தம்பானூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் காலமெல்லாம் கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். வவுச்சர் இல்லாவிட்டால் மகாவிஷ்ணு நேரில் வந்து கையெழுத்துப் போட்டாலும் இந்தம்மா பாஸ் பண்ண மாட்டாள் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். கரமனையில் எங்கள் தெருவில் யாராவது "நேத்திக்குக் கனவுல அப்பா வந்தார்" என்று ஆரம்பித்தால், ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது, பட்டப்பகலில், நல்ல வெயிலில், ஆறு பேர் சாட்சியாக. நம்பினால் நம்புங்கள்.

என் கணவரைப் பற்றி முதலில் சொன்னால்தான் விஷயம் புரியும். சாப்பாட்டுக்காகவே பிறந்த மனுஷர் அவர். தெருமுனையில் திரும்பும்போதே யார் வீட்டில் அப்பளம் பொரிகிறது, யார் வீட்டில் ரசத்துக்குத் தாளிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். போன வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் நாக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மணம் தெரியவில்லை, ருசி தெரியவில்லை. டாக்டர், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று கையை விரித்துவிட்டார்.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். மிளகூட்டல், புளிப்பச்சடி, அவியல், அவருக்கு உயிரான சேனை எரிசேரி. எதைப் போட்டாலும் "நனைஞ்ச அட்டையை மெல்லற மாதிரி இருக்காக்கும்" என்று நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டு அடுக்களையில் நின்று நான் அழுதிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. வியாதி என்றால் மருந்து கொடுக்கலாம், பசியே இல்லாத மனுஷருக்கு எதைக் கொடுப்பது?

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு வினோத் சார், காலேஜில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கல் பார்க்கப் போகலாம் என்றார். நெடுமங்காடு தாண்டி மலை ஏறுகிற வழியில், அவருக்குத் தெரிந்த ஒருவரின் ரப்பர் தோட்டத்துக்குள், ஆதிகாலத்து மனுஷர்கள் நட்டுவைத்த குத்துக்கல் ஒன்று இருக்கிறதாம். கோயிலா, சிலையா, ஒன்றும் கிடையாது, வெறும் கல். இதற்குப் போய் வேனா என்று எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் இவரை வீட்டை விட்டுக் கிளப்ப ஒரு சாக்கு கிடைத்ததே என்று சரி என்றேன். இவர் ஒத்துக்கொண்டால்தானே!

"கல்லைப் பாக்க அத்தனை தூரம் எதுக்குப் போகணும்? நான்தான் ஆத்துலயே குத்துக்கல்லாட்டம் உக்காந்துண்டிருக்கேனே, என்னைப் பாத்தா போறும்" என்றார். அந்தக் கேலியாவது மிச்சமிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டு போனேன்.

வேனில் நாங்கள் இருவர், வினோத் சார், அவர் மனைவி பிந்து, என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த செல்வி, அவள் புருஷன், அப்புறம் வேன் ஓட்டிய சஜி. செல்வி நாகர்கோவில்காரி, அவள் புருஷனுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை. சஜி விழிஞ்ஞம் கடற்கரைப் பையன். இவ்வளவு பேர்தான், வேறு யாரும் கிடையாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கேட்டைத் திறந்து, வேனை உள்ளே விட்டு, மாடு ஏதாவது புகுந்துவிடும் என்று மறுபடி பூட்டிச் சாவியை வினோத் சார் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் ஏறினோம். மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி, அதில் அந்தக் கல். இரண்டு ஆள் உயரம், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ எட்டிப் பார்க்கிறாற்போல. செதுக்கலோ எழுத்தோ எதுவும் இல்லை. சுற்றி ஒரே அமைதி. ஒரு பறவை கூடக் கத்தவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வினோத் சார் விளக்கினார். செத்துப்போனவர்களுக்காக நட்ட கல்லாக இருக்கலாம். காட்டை வெட்டி முதன்முதலில் இந்தச் சரிவில் தானியம் விதைத்த கூட்டம் நட்டதாக இருக்கலாம். எங்கள் ஆட்கள் இங்கேதான் படுத்திருக்கிறார்கள், அதனால் இந்த மண் எங்களுடையது என்று சொல்ல நட்டிருக்கலாம். கல்லின் நிழலைப் பார்த்து விதைக்கிற காலத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று கூடச் சிலர் சொல்கிறார்கள். எல்லாம் இருக்கலாம்தான், தீர்மானமாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வவுச்சர் இல்லை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். செல்வி புருஷன் கல்லைத் தட்டிப் பார்த்து, "அப்ப நம்ம தொழிலுக்கு ஆதி முதலாளி இவருதான்னு சொல்லுங்க" என்று கும்பிட்டார், எல்லோரும் சிரித்தோம்.

வெயில் உச்சிக்கு வந்ததும் சாப்பாட்டுக் கடையை விரித்தேன். நான் சாதமும் பருப்பும் நெய்யும் மிளகூட்டலும் தயிரும் கொண்டுபோயிருந்தேன். செல்வி உள்ளித்தீயல், பிந்து கப்பைக்கிழங்கும் தொட்டுக்கொள்ளச் சம்மந்தித் துவையலும். வாழையிலை ஆளுக்கு ஒன்று, கிழிந்தால் இருக்கட்டும் என்று கூட ஒன்று.

இனி நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் யாரும் சாப்பிட மாட்டோம், நம்பிக்கையாவது மண்ணாவது, பழக்கம், அவ்வளவுதான். வெளியூர் போனாலும் கை தானாகச் செய்யும். ஒரு பிடி சாதத்தில் பருப்பும் நெய்யும் போட்டு இலைத்துண்டில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று பார்த்தேன். சுத்தமான இடமாகத் தெரிந்தது கல்லின் அடிதான். வைத்துவிட்டு, எங்கள் தெருவே கேட்கிற என் குரலில் "கா, கா" என்று கூப்பிட்டேன். காக்காய் வரவில்லை. இன்னும் இரண்டு தடவை பலமாகக் கூப்பிட்டேன். ஒரு காக்காய் கூட வரவில்லை. சரி, மலைக்காக்காய்க்குப் பருப்புசாதம் பிடிக்காதோ என்னவோ என்று திரும்பி வந்து பரிமாற ஆரம்பித்தேன்.

வரிசையாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவருக்கு வலப்பக்கம் ஒரு பெரியவர். இடுப்பில் முண்டு, தோளில் துவர்த்துத் துண்டு, கறுத்து இறுகிய உடம்பு. உங்களுக்கே தெரியும், பந்தியில் உட்கார்ந்துவிட்டவரிடம் நீங்கள் யார் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. கல்யாணத்தில் தெரியாத ஒருவர் உட்கார்ந்தால் பெண் வீட்டுக்காரர்கள் பிள்ளை வீட்டு மனுஷர் என்று நினைப்பார்கள், பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், முதலில் இலையில் சோறு விழும். நானும் அதைத்தான் செய்தேன். வினோத் சாருக்கு வழி காட்ட வந்த தோட்டத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு, கூட இருந்த இலையை அவர் முன்னால் போட்டுப் பரிமாறினேன்.

அவர் சாப்பிட்டதைப் பார்க்கவேண்டுமே! ஒவ்வொரு பிடியாக உருட்டி, கண்ணை மூடி மென்று, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டு வாங்கி. ஒரு பருக்கையை விரல்நுனியில் எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"சாதம் இப்போல்லாம் இத்தனை வெளுப்பாவா இருக்கும்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"கடையில வாங்கறதாக்கும், அப்படித்தான் இருக்கும்" என்றார் இவர்.

"விதைக்கறது யாரு?"

"அது யாருக்குத் தெரியும்!"

அதற்கு அந்தப் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் போட்டார், இன்னொரு வாய் போட்டார், மிளகூட்டல் கேட்டார், தீயல் கேட்டார், பிந்துவின் கப்பையைக் கூட விடவில்லை. எத்தனை மாசம் கழித்து இந்த மனுஷர் இலையைக் காலி செய்கிறார்! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். தயிர் எடுக்க வேன் பக்கம் போய் வந்தபோது பெரியவரைக் காணவில்லை, கை கழுவப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

இலை எடுக்கும்போது செல்விதான் கவனித்தாள். நாங்கள் எல்லோரும் இலையை எங்கள் பக்கமாக மடித்திருந்தோம். அந்த ஒரு இலை மட்டும் எதிர்ப்பக்கமாக, சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி மடித்திருந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்தாள்.

திரும்பி வரும்போது வேனில் நான் சும்மா கேட்டேன், "வினோத் சார், உங்க ஆள் எங்க போனார், ஒரு வார்த்தை சொல்லிக்காம?" வினோத் சார் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெரியவர் என் கணவருடைய பழைய சிநேகிதர் என்று நினைத்திருந்தாராம். செல்வி புருஷன், சஜிக்கு வேண்டியவர் என்று நினைத்தாராம். கேட்டைப் பூட்டிய சாவி வினோத் சாரின் சட்டைப்பையிலேயே இருந்தது. வேறு வழியாக ஏறி வந்திருப்பார், சோற்று மணத்துக்கு வந்த யாரோ என்று சமாதானம் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். அதோடு போயிருந்தால் நான் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

"அதுல ஒரு அதிசயம் பாரு" என்றேன் நான், "மலையில இருக்கற மனுஷன், கரமனையில நம்மாத்துல பேசற மாதிரியே பேசறாரே!"

"அக்கா, சும்மா இருங்க, அவரு எங்க ஊருப் பேச்சுல்லா பேசுனாரு!" என்றாள் செல்வி.

பிந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேச்சி, அவர் நல்ல நெடுமங்காட்டு மலையாளமல்லே பேசினது? எங்க அம்மா வீட்டுல பேசற மாதிரி."

சஜி வேனின் வேகத்தைக் குறைத்தான். "அம்மா, அவரு எங்க விழிஞ்ஞம் கடப்புறத்துப் பேச்சாக்கும் பேசினது. நம்ம ஆளாச்சேன்னுதான் நான் தண்ணி எடுத்துக் கொடுத்தேன்."

என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ராத்திரிக்கு அடை வார்க்கறயா? பசிக்கும்போல இருக்கு" என்றார். எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சேலை கூட மாற்றாமல் அரிசியும் பருப்பும் ஊறப்போட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் திருவிழாதான். மனுஷர் வேளைக்கு வந்து உட்கார்ந்து, "நன்னா இருக்கு, புளி சரியா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்று சாப்பிடுகிறார். கன்னத்தில் சதை வைத்துவிட்டது, சட்டை நிறைந்துவிட்டது. ருசி திரும்பிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் காட்டி நல்ல வார்த்தை வாங்கலாமே என்று போன வாரம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காப்பிப்பொடியை மூக்கின் கீழே காட்டினார், ஒன்றும் தெரியவில்லை என்றார் இவர். நாக்கில் உப்பை வைத்தார், சர்க்கரையை வைத்தார். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றார். துளிக்கூட மாற்றம் இல்லை என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாதத்தைப் பரிமாறி, குழித்துச் சாம்பாரை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"ருசியே தெரியலைன்னா, நன்னா இருக்கு நன்னா இருக்குன்னு தெனம் எப்படிச் சொல்றேள்?"

"நான் எங்க சொல்றேன்?" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "அவர் சொல்றார், நான் உங்கிட்ட சொல்றேன். அவர் சாப்பிடறதைப் பாத்தா எனக்கும் பசிக்கறது. அவ்வளவுதானே."

வலப்பக்கம் பார்த்தேன். வெறும் நாற்காலி. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"இன்னிக்கு என்ன சொல்றார்?"

இவர் அந்தப் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார். "சாம்பார்ல உப்பு கூடிப்போச்சாம்."

அடுக்களைக்குப் போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். கூடித்தான் போயிருந்தது, உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். திரும்பி வந்து இவர் தட்டைப் பார்த்தேன். நான் குழித்த குழி அப்படியே இருந்தது, சாம்பார் அதில் தளும்பிக்கொண்டு நின்றது. இவர் இன்னும் கையே நனைக்கவில்லை.

என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வெந்நீரை விட்டு இன்னொரு கொதி வைத்துக் கொண்டுவந்து மறுபடி பரிமாறினேன். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.