சலவை அறையில் கிடந்த கறுத்த பாம்பு

ஆபிரிக்கக் கரையிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாட்களில் எங்கள் பலெர்மோ நகரம் பாதித் தூக்கத்தில் கிடக்கும். வானம் மஞ்சளாகிவிடும். தெருச் சத்தங்கள்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அப்படியொரு மத்தியானம், லிபெர்த்தாப் பகுதியில் நான் பராமரிக்கும் முதிய அம்மாவின், என் சின்யோராவின், உடுப்புகளைத் தோய்க்கப் போனேன். சலவை இயந்திரத்தின் பக்கத்தில், குளிர்ந்த தரையில், ஒரு பாம்பு நீட்டிக் கிடந்தது. மினுங்கும் கறுப்பு. என்னைக் கண்டதும் தலையை மட்டும் உயர்த்தியது.

நான் அசையவில்லை. அது துணிவல்ல, பழக்கம். வன்னியில் கடைசிச் சண்டையின்போது எங்கள் பதுங்குகுழிக்குள் ஒரு பாம்பு வந்து பகல் முழுக்க இருந்தது. வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் போகவில்லை, நாங்களும் போகவில்லை. அன்றிலிருந்து பாம்பைக் கண்டால் என் உடம்பு கல்லாகிவிடும்.

மெல்லப் பின்வாங்கி, கதவை ஒருக்களித்துவிட்டு, நகரின் இன்னொரு பக்கம், பிரான்காச்சோவில் வேலையில் நின்ற கணவருக்குப் போன் எடுத்தேன்.

"தும்புத்தடியாலை தலையிலை ஒண்டு போடு," என்றார். "கறுப்பெண்டா நாகமாத்தான் இருக்கும். கிட்டப் போகாதை, என்ன!"

"இஞ்சாருங்கோ, கிட்டப் போகாமல் எப்பிடி அடிக்கிறது?"

போனை வைத்துவிட்டேன்.

சின்யோராவுக்குப் பல வருடங்களாகக் கண் தெரியாது. என் குரலிலேயே எதையோ உணர்ந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அடிக்காதே," என்றார். "வழி தவறி வந்திருக்கும்."

கட்டடத்தின் வாசல் காவலாளி ஒரு தொலைபேசி இலக்கம் தந்தார். வீடுகளுக்குள் வரும் பாம்புகளைப் பிடித்துக் கொண்டுபோய் விடுகிற பெண் ஒருத்தியின் இலக்கம். அவளுக்குப் போன் எடுத்து, அவள் சொன்னபடி தூர நின்றே படம் எடுத்து அனுப்பினேன். உடனே திருப்பி அழைத்தாள்.

"பயப்படாதீர்கள், இது பியாக்கோ. மெலிந்த நீள உடம்பு, சாட்டைபோல வால், கண்மணி வட்டம். எங்கள் சிசிலியில் வளர்ந்ததும் கறுத்துவிடும். விரியன் என்றால் கட்டையாக, தடிப்பாக இருக்கும். கண்மணியும் பூனைக்குப்போல நெடுக்காக இருக்கும். இதற்கு நஞ்சு இல்லை. ஆனால் பிடித்தால் கடிக்கும். தொடாதீர்கள், வருகிறேன்."

அவள் வந்து, கையுறை போட்டு, அவசரமே இல்லாமல் குனிந்தாள். பாம்பு ஒரு தடவை சீறி அவள் கையுறையைக் கடித்தது. கடித்தபடியே அவள் கைக்குள் அடங்கியது. துணிப்பைக்குள் இறக்கப் போனவளைச் சின்யோரா நிறுத்தினார்.

"ஒருமுறை தொடலாமா?"

அவள் யோசித்தாள். பிறகு தலையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, சின்யோராவின் விரல்களைப் பாம்பின் உடம்பில் வைத்தாள். "ஈரமாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்," என்றார் சின்யோரா. "உலர்ந்து, பட்டுத்துணிபோல இருக்கிறதே." என்னையும் கூப்பிட்டார். நானும் தொட்டேன். தோலுக்கு அடியில் ஏதோ மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. என் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெகுதூரத்தில் விட்டால் ஒளிய இடம் தெரியாமல் செத்துப்போகும் என்றாள் அந்தப் பெண். அதனால் இரண்டு தெரு தள்ளி, ஆளில்லாத பழைய வில்லா ஒன்றின் காடு மண்டிய தோட்டத்துக்கு நடந்தோம். சின்யோராவும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் வெளிச்சத்தில் நாங்கள் மூவரும், ஒரு துணிப்பையும். பையைக் கற்களுக்கு அருகே வைத்து வாயைத் திறந்தாள். பாம்பு கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு வெளியே வந்து கள்ளிப் புதருக்குள் போய்விட்டது.

"எப்படிப் போனது?" என்று கேட்டார் சின்யோரா.

மருந்து, சாப்பாடு, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எல்லாவற்றுக்கும் என்னிடம் இத்தாலியன் இருந்தது. அந்தப் போக்கைச் சொல்லத்தான் சொல் இருக்கவில்லை. அவர் உள்ளங்கையை விரித்து, என் விரலை அதில் வைத்து, வளைத்து வளைத்து மணிக்கட்டைக் கடந்து முழங்கைவரை கொண்டுபோனேன்.

"ஆ," என்றார், மெதுவாக. "இன்னொருமுறை."