எஸ்தர் அக்கா சொல்லிவிட்டுத்தான் போனார்

செய்தி வந்தபோது நான் திருப்பதியிலிருந்து சித்தூருக்குத் திரும்பும் பேருந்தில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் திரும்பி வந்துவிடலாம் என்று கிளம்பியிருந்தேன். காணிப்பாக்கத்துக்குப் பிரியும் இடத்தில் கூட்டம் முண்டியடித்து இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரோஜாப்பூ படம். அதற்குக் கீழே: ‘பொறுமையின் சிகரம், எங்கள் வீட்டின் விளக்கு, எஸ்தர் அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எந்தக் குறையும் சொல்லாமல் வாழ்ந்தார். தன் வலியையும் சொல்லாமலே போய்விட்டார்.’

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அது இன்றுவரை போகவில்லை.

நம் சபைப் பத்திரிகைக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். “நல்லதா நாலு வார்த்தை, சிஸ்டர்” என்றார் செயலாளர். நல்லதாகத்தான் எழுதுகிறேன். ஆனால் பொறுமையின் சிகரம் என்ற பெண்மணி யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த எஸ்தர் அக்கா கோபக்காரர். குறை சொன்னார். நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அவரோடு பழகிய நீங்கள் எல்லாருமே அதைக் கேட்டிருக்கிறீர்கள்.

அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. அந்த அண்ணனை நான் பாவா என்று அழைப்பேன். நான் கல்யாணமாகி சித்தூர் வீட்டுக்கு வந்த புதிதில் கூடத்து மூலையில் பூப்போட்ட துணி விரித்த ஒரு சதுர மேசை இருந்தது. அதன்மேல் இஸ்திரிக்கு வைத்த துணிகள், மாமியாரின் மாத்திரை டப்பா, யாரோ கழற்றி வைத்த கைக்கடிகாரம். தூசு தட்டலாம் என்று துணியைத் தூக்கினால் கேரம் போர்டு. முக்காலியின் மேல் வைத்து மேசையாக்கியிருந்தார்கள்.

“என் கூட வந்தது” என்றார் அக்கா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து. “எங்க நைனா டீக்கடை நகரி ஸ்டேஷன் எதிர்ல. தறி ஓட்டறவங்க வேல முடிஞ்சி வந்து பின்னால ஒக்காந்து ஆடுவாங்க. ஆளு கொறஞ்சா நைனா என்னக் கூப்பிடுவாரு. அப்பறம் என்னாச்சி தெரியுமா? நான் ஒக்காந்தா ஒருத்தனும் வர்றதில்ல. தோத்துப்போயி எவன் டீ வாங்கிக் குடுப்பான்?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு போர்டின் மேல் இருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அதை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடிச் சோப்பு டப்பாவில் போட்டார். “இனிமே அங்கயே வெச்சிக்கச் சொல்லு.”

அக்காவின் கோபங்கள் அப்படித்தான். கட்டில்மேல் ஈரத் துண்டைப் போட்டால், அந்தத் துண்டு போட்டவரின் தலையணைக்கு மேல் போய்ச் சேரும். குழம்பில் உப்பில்லை என்று பாவா முகம் சுளித்தால், “உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு சொல்லுங்க, எடுத்துப் போடறேன்” என்பார். பாவாவால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. வீட்டில் இதையெல்லாம் ‘எஸ்தருக்கு பீபி’ என்றார்கள். ஒரு பெண் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கலாம் என்று யோசிப்பதைவிட, அவளுக்கு வியாதி என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

சபை ஆண்டு விழாவில் விளையாட்டுப் போட்டி நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெண்களுக்கு மியூசிக்கல் சேர், ஸ்பூனில் எலுமிச்சம்பழம். அக்கா நேராக வாலிபர் சங்கத்துத் தலைவரிடம் போனார். “கேரம் ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்னு யார் சொன்னது?” சிரித்துக்கொண்டே பெயரை எழுதினார்கள். சாப்பாட்டு வேளைக்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொருவராகத் தோற்று எழுந்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. நல்ல ஆட்டக்காரர். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து ஆடிக்கொண்டிருந்தார். அக்கா சிவப்புக் காயைப் போட்டு, அடுத்த அடியிலேயே அதை உறுதிசெய்யும் ஃபாலோ காயையும் போட்டுவிட்டார். அக்காவுக்கு இரண்டு மூன்று வெள்ளைக் காய்கள்தான் பாக்கி. மண்டபத்தில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாசலில் பாவா வந்து நின்றார். “எஸ்தர், பெங்களூர் சித்தப்பா வந்துக்கினு இருக்காரு. வந்து டீ போடு.”

“நீங்க ஆடுங்கக்கா, நான் போய்ப் போடறேன்” என்று நான் கிளம்பினேன்.

“நீ போடற டீ அவருக்குப் புடிக்காது” என்றார் பாவா.

அக்கா போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கையிலிருந்த பவுடரைத் தட்டிவிட்டு எழுந்தார். அந்தத் தம்பி, “நீங்க போயிட்டு வாங்கக்கா, வெயிட் பண்றேன்” என்றார். ஆனால் பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவரே ஜெயித்ததாக அறிவித்து முடித்துவிட்டார்கள். சித்தப்பா அந்த டீயில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை ஆறவிட்டார்.

டம்ளரைக் கழுவும்போது அக்கா என்னிடம் சொன்னது இது: “அவரு கூப்ட்டாரு, செரி. எழுந்து வந்தது நானுதானே? அதான் எனக்குத் தாங்கல.” அன்று மாலை முழுவதும் யாரோடும் பேசவில்லை. அதற்கும் பீபி என்றுதான் பெயர் வைத்தார்கள்.

பிறகு மகன் பிரகாஷின் நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் வந்திருந்தார்கள். கூடத்தில் பந்தி. யாரோ ஒருவர், யாரென்று கடைசிவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, அடுப்பிலிருந்து இறக்கிய பிரியாணி அண்டாவைக் கொண்டுவந்து அப்படியே கேரம் போர்டின் மேல் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் விரிப்பு உருகி நாற்றம் வந்தபோதுதான் அக்கா பார்த்தார். கத்தவில்லை. இரண்டு கரித்துணிகளை எடுத்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். “அந்தப் பக்கம் புடி.” அண்டாவை இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வாசலில் வைத்தோம். திரும்பி வந்து, இலைமுன் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: “துன்றவங்க வெளிய வந்து துன்னுங்க.”

சம்பந்திகள் உட்பட எல்லாரும் வாசலில் நின்றபடி சாப்பிட்டார்கள். போர்டின் நடுவில் கருகிப்போன வட்டம். பாவா பல்லைக் கடித்துக்கொண்டு, “என் மானம் போச்சி” என்றார்.

“என் போர்டு போச்சி” என்றார் அக்கா. “உங்க மானம் நாளைக்கே திரும்ப வந்துரும்.”

பிரகாஷ் திருப்பதியில் வீடு வாங்கியதும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள அக்காவையும் பாவாவையும் அங்கே அழைத்துக்கொண்டான். கருகிய போர்டு சித்தூரிலேயே பீரோவுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கா எப்படி இருப்பாரோ என்று பயந்தேன். ஆனால் போன கொஞ்ச நாளிலேயே போன் வந்தது. குரலே வேறாக இருந்தது. “கீழ அசோசியேஷன் ரூம்ல புது போர்டு இருக்குதுடி! சாயங்காலம் ஆம்பளைங்க ஆடறாங்க. காலையில காலியாத்தான் கெடக்குது.”

துணைக்கு வேதவல்லி மாமி கிடைத்தார். இரண்டாவது மாடி. அவர் கணவர் திருமலைக் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். மாமி சின்ன வயதில் அண்ணன் தம்பிகளோடு ஆடிப் பழகியவர். பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு அக்கா கீழே வருவார். அடுப்படியில் தளிகையை முடித்துவிட்டு மாமி வருவார். நான் ஒருமுறை போயிருந்தபோது வெளியே நின்ற வாட்ச்மேன் என்னிடம் தெலுங்கில், உள்ளே இரண்டு அம்மாக்களும் சண்டை போடுகிறார்கள், கொஞ்சம் போய்ப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தால், காய் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று தகராறு. அக்கா அடித்த வேகத்தில் ஒரு காய் எகிறி ஜன்னலில் பட்டு விழுந்தது.

“எஸ்தர், யாரை நெனைச்சுண்டு இப்படி அடிக்கறேள்?” என்றார் மாமி.

“பெரிய லிஸ்ட் மாமி. நீங்க ஆடுங்க.”

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

இனி எழுதப்போவதைப் பத்திரிகையில் போடுவார்களா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு இடது கையில் வலி வந்தது. தோளிலிருந்து இறங்கி முழங்கை வரைக்கும். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. முதலில் பாவாவிடம் சொன்னார். “கேரம் ஆடிக்கினே இருக்கியே, கை வலிக்காம என்னா பண்ணும்?” என்று பாவா தைலத்தை எடுத்துக் கொடுத்தார். மருமகளிடம் சொன்னார். அந்தப் பெண் ஒத்தடம் கொடுக்கச் சுடுதண்ணீர் வைத்தாள். பிரகாஷிடம் சொன்னார். “ஏமீ காதும்மா” என்றான், ஒன்றும் ஆகாது என்று. “கொஞ்ச நாளு ஆடாம இரு, செரியாப்பூடும்.” சொன்னதோடு நிற்கவில்லை. கீழே போய், அம்மா கேட்டால் அசோசியேஷன் ரூம் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனான். அக்கறையில்தான் செய்தான். அவன் கெட்டவன் இல்லை. அம்மாமேல் உயிரையே வைத்திருந்தான். அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது.

சாவி கிடைக்காத அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். எடுத்ததும் கேட்டார்: “நான் எந்தக் கையில ஆடறேன்?”

“வலது கை. ஏங்க்கா?”

“வலிக்கறது எடது கைடி! கட்டிக்கினு வந்து இத்தினி வருஷமாச்சி, புள்ள பெத்து வளத்தாச்சி, நான் எந்தக் கையில ஆடறேன்னு இந்த வூட்ல ஒருத்தருக்கும் தெரியல!” மூச்சு வாங்கியது. “அத அவங்ககிட்டயே சொன்னேன். சிரிக்கறாங்க.”

“அக்கா, இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. இது கைவலி இல்ல.”

“போறேன். மாமியும் இதையேதான் சொல்றாங்க. இவங்க யாரையும் நான் கேக்கப் போறதில்ல.”

மாமிதான் ஆட்டோ பிடித்து அழைத்துப்போனார். இதயத்தில் அடைப்பு, ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்றார் டாக்டர். உடனே சேர்த்துக்கொண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கட்டில் அருகே பிரகாஷ் நின்று அழுதுகொண்டிருந்தான். இத்தனை நாள் ஏன் கூட்டி வரவில்லை என்று டாக்டர் கேட்டார்.

“அம்மா எதையுமே சொல்லமாட்டாங்க சார். எல்லாத்தையும் தாங்கிக்குவாங்க” என்றான்.

அக்கா கண்ணைத் திறந்தார். மாஸ்க்கைத் தானே விலக்கினார்.

“சொன்னேன்டா” என்றார்.

நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கைத் திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகு அவர் பேசி நான் கேட்கவில்லை.

சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் போதகர், நம் சகோதரி வேதனையை மௌனமாகச் சுமந்தவர் என்று பேசினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வீட்டார் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொன்னார். ‘சொல்லாமலே போய்ட்டாங்களே’ என்று வந்தவர்கள் ஒவ்வொருவரும் அழுதார்கள். வீட்டுக்கு வந்ததும் பிரகாஷைத் தனியாக அழைத்தேன். “அம்மா சொன்னாங்கப்பா. உன்கிட்ட சொன்னாங்க, உங்கப்பாகிட்ட சொன்னாங்க. ஆஸ்பத்திரியில என் எதிர்லயே சொன்னாங்க.”

“சித்தி, இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்றான்.

இப்போது இல்லாவிட்டால் எப்போது? ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதை, அவள் போன பிறகு, சொல்லவே இல்லை என்று மாற்றி, அதையே அவளுடைய பெருமையாகவும் ஆக்கி, படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெருமை எங்கள் அக்காவுக்கு வேண்டாம். அவரை நீங்கள் மெச்ச விரும்பினால் அவருடைய ஆட்டத்தை மெச்சுங்கள். எழுந்து நின்று பார்த்தவர்கள்தானே நீங்கள்.

போன வாரம் வேதவல்லி மாமி போன் செய்தார். துக்கம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். “ஆடறதுக்கு ஆள் இல்லை. நீங்க வரேளா?” என்றார்.

“எனக்கு ஆடத் தெரியாதே மாமி.”

“பரவாயில்லை. வாங்கோ.”

சனிக்கிழமை காலைப் பேருந்தில் போனேன். அசோசியேஷன் ரூமுக்கு அடுத்துத்தான் லிஃப்ட். பாவா பேத்தியோடு அதில் இறங்கி வந்தவர், நான் போர்டின் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். விரலை இறுக்கி மடக்கினேன். ஓங்கி அடித்தேன். ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டிக் கதவருகே போய் விழுந்தது. மாமி எழுந்துபோய் எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

“கோபமா இருக்கேளா?”

“ஆமாம் மாமி. அக்காகிட்டருந்து எனக்குன்னு வந்தது இந்தக் கோபம் ஒண்ணுதான். இதை நான் விடறதா இல்ல.”

“விட வேண்டாம், வெச்சுக்கோங்கோ” என்றார் மாமி. “விரலை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கோங்கோ. ம், அடியுங்கோ.”