ஃப்ரீசரில் இருந்த ஆலங்கட்டி

ஒரு துண்டு ஐஸுக்காகப் புருஷனை விட்டுப் போனாளாம்! சொல்கிற வாய்க்கு வாடகையா கொடுக்க வேண்டும்? எல்லாம் எதிர்வீட்டுக்காரி கிளப்பிவிட்டது. வாசலில் நின்று பார்த்தவளுக்கு உள்ளே நடந்தது என்ன தெரியும்?

பதினாலு வருஷமாகத் துணிக் கிடங்கைக் காத்தவள் அவள். எந்த அடுக்கில் எந்தத் துணி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். காய்ச்சலோடு வந்தாலும் சாவியை இன்னொரு கையில் கொடுக்கமாட்டாள். அவளைப் போய்ப் பொய்க்காரி என்றார்கள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் வானம் பச்சை பூத்துக் கறுத்தது. காற்று அப்படியே நின்றது. பிறகு லாரி லாரியாகக் கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம். கிடங்கின் கூரைக் கண்ணாடி நொறுங்கி மழையும் ஆலங்கட்டியும் உள்ளே இறங்கின. மூட்டைகளை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போன நேரத்திலும் அவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் துள்ளியது. முஷ்டி அளவு இருந்த ஒன்றைக் கையில் எடுத்தாள். உள்ளே வெங்காயம் போல வளையம் வளையமாக இருந்தது. இத்தனை அழகா இத்தனையும் உடைத்தது! சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தாள்.

மறுநாள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினான்.

"ஏணியைச் சாத்தி நீதான் உடைச்சிருக்க. எங்க வீட்டுப் பக்கம் பட்டாணி அளவுகூட விழல!"

விரிசல் விட்ட அந்தக் கண்ணாடியை மாற்றச் சொல்லி அவனிடமே மூன்று தடவை சொன்னவள் அவள்.

"திங்கட்கிழமை முதலாளி விசாரிக்கட்டும். கல்லைக் கொண்டு வந்து காட்டறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். மாடியில் துணி உலர்த்திவிட்டு அவள் இறங்கி வந்தபோது, புருஷன் கொடுத்த எலுமிச்சை ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, டப்பா ஏன் திறந்து கிடக்கு?"

"ட்ரேயில ஐஸ் இல்ல. அதை உடைச்சுப் போட்டேன்."

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. சார் பெரிய மனசு பண்ணி வந்திருக்காரு. ஏணி இடிச்சதுன்னு ஒத்துக்கோ. வேலையாவது மிஞ்சும்."

சூப்பர்வைசர் கிளாஸை ஆட்டினான். "நல்லா சில்லுனு இருக்கும்மா."

வயிறு எரியாதா? அந்த மழையாவது சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் ஜூஸ் கலக்கிக்கொண்டே அவள் கூரையைப் பிரித்துவிட்டான்.

கிளாஸைப் பிடுங்கினாள். ஜூஸை சூப்பர்வைசர் மடியிலேயே கவிழ்த்தாள். இரண்டு வளையம் மிச்சமிருந்த துண்டைப் பொறுக்கி பிளாஸ்கில் போட்டு இறுக்கித் திருகினாள்.

"எங்கடி போற?"

"முதலாளி வீட்டுக்கு. கரையறதுக்குள்ள போகணும்."

"திரும்பி இந்த வாசப்படி ஏறும்போது..."

"ஏறினாத்தான?"

செருப்பை மாட்டினாள், நடந்தாள். எதிர்வீட்டுக்காரி கண்டது அதை மட்டும்தான்.